மாடியில் பசுமைக்குடில்: போடும் முன்பே தவிர்க்க வேண்டிய தவறுகள்

பசுமைக்குடில் என்று தேடினால் முதலில் கண்ணில் படுவது, நாலு பக்கமும் கண்ணாடியோ பாலித்தீனோ மூடி, கதவும் சாத்திய ஒரு குட்டி வீடு. இங்கிலாந்து, நெதர்லாந்து போன்ற குளிர் நாடுகளில் பனிக்காலத்தைத் தாண்டுவதற்காக வளர்ந்த அமைப்பு அது. நம் சமவெளியில், சென்னையிலோ மதுரையிலோ வேலூரிலோ, மொட்டை மாடிச் செடி குளிரில் சாவதே இல்லை. சித்திரை வெயிலில் கருகும், ஐப்பசி மழையில் அழுகும், ஆடிக்காற்றில் ஒடியும். அதனால் நம் ஊர்க் குடில் செய்ய வேண்டிய வேலையே வேறு: வெயிலையும் மழையையும் காற்றையும் செடி தாங்கும் அளவுக்கு வடிகட்டி உள்ளே விட வேண்டும், உள்ளே சேரும் சூட்டை உடனுக்குடன் வெளியே அனுப்ப வேண்டும். இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு சூட்டைப் பூட்டி வைப்பதில்தான் பெரும்பாலான தவறுகள் ஆரம்பிக்கின்றன.

சரியாக அமைத்த குடிலின் பலன் நிஜமாகவே பெரிது. சந்தையில் கொத்தமல்லி விலை ஏறும் மே மாதத்தில் வீட்டில் கொத்தமல்லி, அரைக்கீரை, புதினா பறிக்கலாம். கொட்டுகிற மழையில் நாற்று அழியாது. நிழலில் மண் சீக்கிரம் காயாது என்பதால் தண்ணீர் கணிசமாக மிச்சமாகும். அணில், காகம், குரங்குத் தொல்லை குறையும். தளத்தின் மேல் நேரடி வெயில் விழாததால் கீழ் அறையில் புழுக்கமும் கொஞ்சம் தணியும். இவ்வளவும் கிடைக்கும், அமைப்பில் கோட்டை விடாமல் இருந்தால்.

பாலித்தீன் கூண்டு

கடையிலும் ஆன்லைனிலும் கிடைக்கும் ஜிப் வைத்த பாலித்தீன் கூண்டுகளை வாங்கி அப்படியே மாடியில் நிறுத்துவதுதான் முதல் தவறு. ஒளி உள்ளே போய் மண்ணையும் தொட்டியையும் தளத்தையும் சூடாக்கும், அவை பக்கத்துக் காற்றைச் சூடாக்கும், அந்தக் காற்று மேலே ஏறி வெளியேற வழியில்லாமல் அங்கேயே நிற்கும். வெளியே 38 டிகிரி இருக்கும் நாளில் மூடிய கூண்டுக்குள் 45-ஐத் தாண்டுவது சர்வ சாதாரணம். கூண்டு சின்னதாக இருந்தால் இன்னும் மோசம், ஏனென்றால் உள்ளே காற்றின் அளவு குறைவு, நிமிடங்களில் சூடேறிவிடும். தக்காளியைப் பாருங்கள். பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் தணியாமல் இருந்தால் மகரந்தம் வீரியம் இழந்து பூ கொட்டிவிடும். செடி பச்சைப்பசேலென்று ஆள் உயரம் நிற்கும், பூவும் வைக்கும், காய் மட்டும் பிடிக்காது. உடனே உரம் போதவில்லை என்று இன்னும் கொஞ்சம் உரம் போடுகிறோம். உண்மையில் குறையாக இருப்பது காற்றோட்டம்.

சமவெளிக்கு ஷேட் நெட் போட்ட நிழல்வலைக் குடில் போதும், அதுதான் சரியும்கூட. கூரை உயரம் எட்டிலிருந்து பத்து அடி இருக்கட்டும், ஆள் குனிந்து போகும் உயரத்தில் போட்டால் சூடு செடியின் தலைமேலேயே நிற்கும். பக்கவாட்டில் முழுக்க மூட வேண்டாம், வெயில் சாய்ந்து அடிக்கும் மேற்குப் பக்கத்தில் மட்டும் வலையை இறக்கிவிட்டால் பல வீடுகளுக்குப் போதுமானது. ஊட்டி, கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. நீலகிரியில் கார்னேஷனும் ஓசூரில் ரோஜாவும் பாலிஹவுஸில் வளர்வதற்குக் காரணம் அந்த ஊர்களின் குளிர்ந்த தட்பவெப்பம். மார்கழி, தையில் உறைபனி விழும் இடத்தில் பாலித்தீன் கூரை செடியைக் காப்பாற்றும். ஆனால் அங்கேயும் பகலில் பக்கத் திரையைச் சுருட்டி விட்டே ஆக வேண்டும்.

ஒரு சின்ன டிஜிட்டல் வெப்பமானி வாங்கி, வெயில் நேரே படாத இடத்தில், செடியின் உயரத்துக்குத் தொங்கவிடுங்கள். அதிகபட்ச, குறைந்தபட்ச அளவைப் பதிந்து வைக்கும் வகையாக இருந்தால் நல்லது. மதியம் இரண்டு மணிக்கு உள்ளே எவ்வளவு என்று தெரியாமல் குடில் நடத்துவது கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பதுதான்.

எத்தனை சதவீத வலை

வலையில் 35, 50, 75, 90 என்று சதவீதம் சொல்வார்கள். 50 சதவீத வலை என்றால் பாதி ஒளியைத் தடுக்கும் என்று பொருள். "வெயில் ரொம்ப அதிகம், 75 போட்டுக்கலாம்" என்று முடிவெடுக்கிறவர்கள் அதிகம், அதில்தான் சறுக்குகிறார்கள். 75 சதவீத நிழல் ஆந்தூரியம், ஆர்க்கிட், அலங்கார இலைச்செடிகளுக்கானது. அதன் கீழே மிளகாய், கத்தரி, தக்காளியை வைத்தால் வெளிச்சம் தேடி நெட்டையாக வளர்ந்து தண்டு மெலிந்து சாயும், காய் எண்ணி எடுக்கிற அளவுக்குத்தான் வரும். கோடை நடுப்பகலில் நம் ஊர் வெளிச்சம் ஒரு லட்சம் லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வரை போகும். அதில் பாதியே கீரைக்கும் நாற்றுக்கும் தாராளம். காய்கறிக்கு 35 அல்லது 50 போதும். வலை பச்சை நிறமாக இருப்பதால் செடிக்கு விசேஷ நன்மை எதுவும் இல்லை, பார்க்க வேண்டியது சதவீதமும், புற ஊதாக் கதிரைத் தாங்கும் யூவி தரமும்தான். அந்தத் தரம் இல்லாத மலிவு வலை ஒரு வெயில் காலத்திலேயே நார் நாராக உதிர ஆரம்பித்து, அந்த பிளாஸ்டிக் தூள் எல்லாம் கீரை மேலே விழும்.

இதைவிடப் பெரிய தவறு, கட்டிய வலையை வருஷம் முழுக்க அப்படியே விடுவது. ஐப்பசி, கார்த்திகையில் வானமே மூடிக்கிடக்கும், அப்போது வலையும் சேர்ந்தால் செடிக்கு வெளிச்சமே இருக்காது. வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர்கள் இதை எவ்வளவு அழகாகச் செய்கிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? முதலில் அகத்தியை வளர்த்து, அதன் நிழலில் வெற்றிலைக் கொடியை ஏற்றி, அகத்தியின் கிளைகளைக் கழித்துக் கழித்து வெளிச்சத்தைத் தேவைக்கு ஏற்பச் சரிசெய்வார்கள். அது உயிருள்ள பசுமைக்குடில், ஒரு பைசா பிளாஸ்டிக் இல்லாமல். நம் மாடி வலையும் அப்படி ஏற்றி இறக்கும்படி இருக்க வேண்டும். ஓரங்களில் வளையம் வைத்துக் கம்பியில் திரைச்சீலை மாதிரி கோர்த்துவிட்டால் ஒரு ஆளே இழுத்து ஒதுக்கிவிடலாம்.

எடையும் காற்றும்

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் மற்ற தவறுகளில் போவது செடி, இதில் போவது வீடு. ஆட்கள் ஏறிப் புழங்கும் மொட்டை மாடிக்கு இந்தியத் தரநிலை சொல்லும் பாரம் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. பன்னிரண்டு அங்குல அகலமும் பன்னிரண்டு அங்குல உயரமும் உள்ள கிரோ பேக் (செடி வளர்க்கும் பை) ஒன்றில் ஏறக்குறைய 20 லிட்டர் மண் பிடிக்கும். முழுக்கச் செம்மண் நிரப்பித் தண்ணீர் ஊற்றினால் ஒரு பையே 30 கிலோவைத் தாண்டும். ஒரு சதுர மீட்டரில் ஒன்பது பைகளை நெருக்கி வைத்தால் 300 கிலோ சொச்சம், அதாவது கணக்கிட்ட பாரத்தைப் போல இரண்டு மடங்கு. அதற்கு மேல் குடிலின் இரும்புச் சட்டம், தண்ணீர் டிரம். அதனால் மண்ணைக் குறைத்து, தேங்காய் நார்க்கழிவையும் மண்புழு உரத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள், எடை பாதிக்குப் பக்கத்தில் வந்துவிடும். பைகளைத் தளத்தின் நடுவில் குவிக்காமல் பீம், சுவர் ஓடும் வரிசையில் வையுங்கள். பழைய வீடு என்றால் ஒரு பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டாமல் ஆரம்பிக்கவே வேண்டாம்.

குடில் சட்டத்துக்கான ஜி.ஐ. பைப்பை (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) நிறுத்தத் தளத்தில் துளை போடுவதும் கூடாது. நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு அந்த இடத்தில் உடையும், அடுத்த மழையில் கீழ் அறைச் சீலிங்கில் ஈரத் திட்டு தெரியும், அதற்கான செலவில் இரண்டு குடில் போடலாம். பைப்பைப் பெயிண்ட் டப்பாவில் கான்கிரீட் போட்டு நிறுத்தி, கைப்பிடிச் சுவரோடு சேர்த்துக் கட்டலாம். ஆனால் அது சாதாரணக் காற்றுக்குத்தான். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையில் வேரோடு சாய்த்த மரங்களை நினைத்துப் பாருங்கள், அந்தக் காற்றுக்கு வலை என்பது விரித்த பாய்மரம். புயல் அறிவிப்பு வந்தால் வலையைக் கழற்றிச் சுருட்டி உள்ளே வைத்துவிட வேண்டும், வெறும் சட்டத்தில் காற்று பிடிக்காது. அரை மணி நேரத்தில் கழற்ற முடியாதபடி கட்டுக்கம்பியால் இறுக்கி முறுக்கி வைத்தால் அந்த நேரத்தில் திண்டாட்டம்தான். கோயம்புத்தூர், திருப்பூர், தென்காசிப் பக்கம் ஆனி, ஆடியில் கணவாய்க் காற்று நாள் கணக்கில் அடிக்கும், அங்கே காற்று வரும் மேற்குத் திசையில் கூடுதல் முட்டுக் கொடுங்கள்.

மழைக்காக பாலித்தீன் கூரை போடுபவர்கள் சரிவாகப் போடுங்கள். தட்டையான கூரையில் ஒரு சதுர மீட்டரில் பத்து சென்டிமீட்டர் தண்ணீர் தேங்கினாலே 100 கிலோ. 200 மைக்ரான் யூவி ஷீட்டைக் கூரைக்கு மட்டும் போட்டு, நாலு பக்கமும் திறந்துவிட்டால் நாற்றுக்கு அருமையான மழை மறைப்பு கிடைக்கும். தை பிறந்ததும் எடுத்து மடித்து வைத்துவிடலாம்.

கூரை வந்தால் மழை போகும், தேனீயும் போகும்

குடில் போட்டால் பூச்சியே வராது என்று நம்புவதுதான் அடுத்தது. மழை, செடிகளுக்குத் தண்ணீர் மட்டும் தருவதில்லை. அசுவினியையும் செஞ்சிலந்தியையும் அடித்துக் கழுவுகிறது, மண்ணில் சேர்ந்த உப்பையும் கீழே இறக்குகிறது. கூரை வந்ததும் இந்த இரண்டு வேலையும் நம் தலையில் விழும்.

செஞ்சிலந்திக்குச் சூடும் வறட்சியும்தான் கொண்டாட்டம். 30 டிகிரி சூட்டில் முட்டையிலிருந்து முழுப் பூச்சியாக அதற்கு ஒரு வாரம் போதும். அது இருப்பது இலையின் அடிப்பக்கத்தில், நாம் பார்ப்பதோ மேல்பக்கத்தை. இலை வெளுத்துப் புள்ளி புள்ளியாகத் தெரியும்போது ஏற்கெனவே தாமதம். இலையைத் திருப்பிப் பார்ப்பதைத் தினசரி வழக்கமாக்குங்கள், காலையில் அடிப்பக்கத்தில் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள், தேவைப்பட்டால் மாலை வேளையில் வேப்பெண்ணெயைக் காதி சோப்போடு கலந்து தெளியுங்கள். இரசாயன மருந்தை மூடிய இடத்தில் அடித்தால் அசுவினியைத் தின்னும் பொறிவண்டும் சேர்ந்து சாகும், அந்தக் காற்றை நாமும் சுவாசிப்போம்.

நர்சரியில் வாங்கிய நாற்றை நேரே குடிலுக்குள் கொண்டு போவதும் தவறு. மாவுப்பூச்சியும் வெள்ளை ஈயும் பெரும்பாலும் அப்படித்தான் உள்ளே வருகின்றன. ஒரு வாரம், பத்து நாள் தனியே வைத்துப் பார்த்துவிட்டு உள்ளே சேர்க்கலாம். தக்காளி இலைச்சுருட்டையும் வெண்டையின் மஞ்சள் நரம்புத் தேமலும் வெள்ளை ஈ மூலம் பரவுபவை. அதைத் தடுக்க 40 மெஷ் (அங்குலத்துக்கு 40 கண்ணி) பூச்சித் தடுப்பு வலை இருக்கிறது. ஆனால் அது தேனீயையும் தடுக்கும், காற்றையும் குறைக்கும். எல்லாம் வேண்டும் என்று 40 மெஷ் வலைக்குள் பூசணியையும் பாகலையும் ஏற்றிவிட்டு, பிஞ்சு ஏன் மஞ்சளாகி உதிர்கிறது என்று தவிப்பவர்கள் நிறையப் பேர். ஆண் பூவின் மகரந்தம் பெண் பூவில் சேரவில்லை, அவ்வளவுதான். பூசணிக்கும் பாகலுக்கும் காலையில், பீர்க்கு, சுரை, புடலைக்கு மாலை சாய்ந்த பிறகு, நாமே ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவின் நடுவில் தொட்டுவிட வேண்டும். அதைச் செய்ய நேரமில்லை என்றால் கொடிக்காய்களைக் குடிலுக்கு வெளியே பந்தலில் விடுங்கள். தக்காளி, மிளகாய், கத்தரிக்குத் தன் பூவிலேயே மகரந்தம் சேரும், காற்று இல்லாத இடத்தில் காலை ஒன்பது, பத்து மணிக்குச் செடியை லேசாகத் தட்டிவிட்டால் போதும்.

தண்ணீர்

வெளியில் இருந்தபோது ஊற்றிய அதே அளவை நிழலுக்குள்ளும் ஊற்றுவதால் அழுகும் செடிகள், வெயிலில் வாடுபவற்றைவிட அதிகம் என்பேன். நார்க்கழிவு கலந்த மண்ணின் மேற்பரப்பு காய்ந்து தெரியும், உள்ளே இரண்டு அங்குலத்தில் சொதசொதவென்று இருக்கும். விரலை விட்டுப் பாருங்கள், அல்லது பையைத் தூக்கிப் பாருங்கள், எடையிலேயே தெரிந்துவிடும். குழித்தட்டு நாற்று அடித்தண்டு கறுத்துப் படுத்துவிட்டால் அது நாற்றழுகல், காரணம் தேங்கிய ஈரம். விதைக்கும் முன் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையை மண்புழு உரத்தில் கலந்து வைப்பது நல்ல பழக்கம். தண்ணீர் ஊற்றுவது காலையில் இருக்கட்டும், மாலையில் இலையை நனைத்தால் இரவெல்லாம் ஈரம் நின்று அடிச்சாம்பல் நோய்க்கு வழி விடும்.

போர் தண்ணீர் உப்பாக இருக்கும் இடங்களில், குறிப்பாகக் கடற்கரை ஊர்களில், பை ஓரத்தில் வெள்ளையாகப் படிவு தெரிந்தால் உப்பு சேர்கிறது என்று பொருள். மழைநீரைப் பிடித்து வைத்து, மாதம் ஒரு முறை அடித்துளை வழியே நன்றாக வடியும்படி ஊற்றிக் கழுவிவிடுங்கள். முடிந்தால் மழைக்காலத்தில் கூரையைச் சில நாள் திறந்து, வளர்ந்த செடிகளை நனைய விடுங்கள்.

எதற்கு இடம் கொடுப்பது

கடைசியாக, இருக்கிற செடி எல்லாவற்றையும் உள்ளே அடைப்பது. இலை இலையை உரசினால் காற்று ஓடாது, ஒரு செடியின் நோய் அடுத்ததற்குத் தாவும், நடுவில் கை விட்டு இலையைத் திருப்பிப் பார்க்கவும் முடியாது. பத்துக்குப் பத்து அடி குடில் என்றால் நடுவில் ஆள் நடக்க இரண்டடி வழி விட்டுவிட்டு, மிச்சத்தை நாற்று, கீரை, கொத்தமல்லி, புதினா, கோடைத் தக்காளிக்கு ஒதுக்குங்கள். வெண்டை, கொத்தவரை, முருங்கை, செம்பருத்தி எல்லாம் நேர் வெயிலில்தான் செழிக்கும். அவற்றை உள்ளே வைத்தால் அவையும் காய்க்காது, பூக்காது, மே மாதக் கொத்தமல்லிக்கும் இடம் இருக்காது.