வீணையைக் காரில் கொண்டு போகிறீர்களா?

தஞ்சாவூர் வீணை சுமார் 4 அடி நீளம். டிக்கியில் திணிக்காமல் பின் சீட்டில் படுக்க வையுங்கள். தண்டின் அடியில் இருக்கும் சுரைக்காய்க் குடுக்கையைக் கழற்ற முடிந்தால் கழற்றித் தனியே துணியில் சுற்றிக்கொள்ளலாம். குடத்துக்கும் (பெரிய உருண்டைப் பகுதி) மறுமுனையில் உள்ள யாளி முகத்துக்கும் அடியில் மடித்த போர்வை இருக்கட்டும். குடத்தின் மேல் தந்திகளைத் தாங்கும் கட்டையான குதிரையின் மேல் எதுவும் அழுந்தக் கூடாது.

அதைவிட முக்கியம் வெயில். வீணையின் 24 மெட்டுகளும் (தந்தியை அழுத்தி வாசிக்கும் உலோகக் கம்பிகள்) மெழுகில் பதித்தவை. கண்ணாடி ஏற்றிய காரை வெயிலில் நிறுத்தினால் மெழுகு இளகி மெட்டுகள் நகர்ந்துவிடும். அப்புறம் சுருதி சேரவே சேராது, மறுபடி மேளம் கட்ட, அதாவது மெட்டுகளைச் சுருதிக்கேற்ப மெழுகில் பதிக்க, வீணை ஆசாரியைத்தான் தேட வேண்டும். அது லேசான வேலையில்லை, பாவம் அந்த வாத்தியம்! அதனால் வழியில் சாப்பிட இறங்கினாலும் வீணையைக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால், நல்ல நிழலில் நிறுத்தி, ஒருவர் காரிலேயே ஏசி போட்டுக்கொண்டு இருக்கட்டும்.