உருகிய அலுமினியம்: பாக்சைட்டிலிருந்து அச்சு வரை

இரும்புத் தாதுவைக் கரியோடு உலையில் போட்டால் இரும்பு இறங்கிவிடும். அலுமினியம் அப்படி மசியாது. ஆக்சிஜனை அவ்வளவு இறுக்கிப் பிடித்திருப்பதால் மின்சாரம் பாய்ச்சித்தான் பிரிக்கிறார்கள்.

படி 1: அலுமினா

அலுமினியத்தின் தாதுவான பாக்சைட்டை அரைத்து, சூடான காஸ்டிக் சோடாக் கரைசலில் அழுத்தம் கொடுத்து வேகவைக்க வேண்டும். அலுமினியச் சேர்மம் கரைந்துவிடும். இரும்பு ஆக்சைடு சிவப்புச் சேறாக அடியில் தங்கும். தெளிந்த கரைசலை ஆறவிட்டுப் படிகங்களைப் பிரித்து, சுமார் 1,000 டிகிரி செல்சியஸில் வறுத்தால் வெள்ளைத் தூளாக அலுமினா, அதாவது அலுமினியம் ஆக்சைடு, கிடைக்கும். ஒரு டன் அலுமினியத்துக்கு இதில் ஏறக்குறைய 2 டன் வேண்டும்.

படி 2: மின்பகுப்பு

அலுமினா உருகுவதற்கு 2,000 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். 1886இல் அமெரிக்காவில் சார்லஸ் மார்ட்டின் ஹாலும் பிரான்சில் பால் எரூவும், ஒருவரை ஒருவர் அறியாமலே, இதற்கு ஒரே வழியைக் கண்டார்கள்: கிரையோலைட் என்ற ஃப்ளோரைடு கனிமத்தை உருக்கி, அதில் அலுமினாவைக் கரைத்துவிடுவது. இப்போது 960 டிகிரியே போதும்.

இந்தக் கரைசலைத் தொட்டியில் வைத்து மின்சாரம் பாய்ச்சுவார்கள். ஒரு தொட்டிக்கு 4 வோல்ட்டும் கொஞ்சமும்தான். ஆனால் லட்சக்கணக்கான ஆம்பியர். மேலே தொங்கும் கரிக்கட்டை ஆக்சிஜனோடு சேர்ந்து தேய்ந்துகொண்டே போகும். உலோகம் கனம் என்பதால் அடியில் சேரும். கரைசலில் அலுமினா தீர்ந்துபோனால் வோல்ட் திடீரென 30ஐத் தாண்டும். உடனே கரைசலின் மேல் உறைந்திருக்கும் மேலோட்டை உடைத்து அலுமினா போட வேண்டும்.

படி 3: எடுப்பதற்கு முன்

இந்தப் படியை அவசரமாகத் தாண்டாதீர்கள். உருகிய அலுமினியம் இரும்பைப் போலக் கனன்று மிரட்டாது. 700 டிகிரியிலும் வெள்ளி நிறத்தில் சாதுவாக நிற்கும். பார்த்துச் சூட்டைக் கணிக்க முடியாது.

அதைவிடப் பெரிய எதிரி தண்ணீர். ஈரக் கரண்டியை உள்ளே விட்டால், அதில் ஒட்டியிருக்கும் துளி உலோகத்துக்கு அடியில் மாட்டி, நொடியில் ஆயிரம் மடங்குக்கு மேல் விரிந்த நீராவியாகி, உலோகத்தைத் தூக்கி வீசும். துரு, பெயிண்ட், கட்டியின் விரிசல் எங்கும் ஈரம் ஒளிந்திருக்கும். கையில் பட்டால் காய்ந்தது போலத்தான் தெரியும், நம்பாதீர்கள். கரண்டி, அச்சு, உலையில் போடும் கட்டி எல்லாவற்றையும் 100 டிகிரிக்கு நன்றாக மேலே சூடாக்கிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். பாலியெஸ்டர் உடை வேண்டாம். தோலோடு உருகி ஒட்டிக்கொள்ளும்.

படி 4: உறிஞ்சி எடுத்தல், சுத்தம் செய்தல்

மூடிய வாளியில் வெற்றிடம் உண்டாக்கி, குழாய் வழியே தொட்டியின் அடியிலிருந்து உலோகத்தை உறிஞ்சுவார்கள். அப்புறம் அது, உலோகத்தை உருகிய நிலையிலேயே வைத்திருக்கும் தாங்கு உலைக்குப் போகும். மேலே படியும் ஆக்சைடுக் கசடை மெதுவாக வழித்தெடுங்கள். கலக்கினால் இன்னும் கசடுதான் கூடும். காற்றின் ஈரத்திலிருந்து ஹைட்ரஜனும் உள்ளே நுழைந்திருக்கும். உறையும்போது அது வெளியேற முயன்று பொத்தல் போடும் என்பதால், ஆர்கான் என்ற மந்த வாயுவைக் குமிழ்களாக அடியில் விட்டு முன்கூட்டியே வெளியேற்றுவார்கள்.

படி 5: ஊற்றுதல்

சுமார் 700 டிகிரியில், உயரத்திலிருந்து கொட்டாமல், அச்சின் வாய்க்கு அருகிலிருந்து ஒரே சீராக ஊற்றுங்கள். சரி, அச்சு நிரம்பியதும் வேலை முடிந்ததா? இல்லை. உறையும்போது அலுமினியம் 6 சதவீதத்துக்கு மேல் சுருங்கும். கடைசியாக உறையும் இடத்தில் கூடுதல் உலோகம் இருக்கும்படி அச்சின் மேற்புறம் ஒரு தேக்கம் விட்டுவையுங்கள். இல்லாவிட்டால் வார்ப்பின் நடுவில் குழி விழும்.