வெள்ளை ஓக்கைக் கண்டதும் பரண் கட்டிவிடாதீர்கள்

அமெரிக்காவில் பென்சில்வேனியா, ஓஹையோ பக்கத்து மலைக்காடுகளில் மான் வேட்டைக்குப் புதிதாகப் போகிறவர்களுக்கு முதலில் கிடைக்கும் அறிவுரை, வெள்ளை ஓக் மரத்தடியில் உட்கார் என்பதுதான். அது பாதி உண்மை. மீதிப் பாதி தெரியாமல்தான் பலர் சீசனைக் கோட்டை விடுகிறார்கள்.

வெள்ளைவால் மானுக்கு வெள்ளை ஓக் கொட்டை பிடிக்கும், மறுக்கவில்லை. துவர்ப்பைத் தரும் டானின் என்ற பொருள் அதில் குறைவு, அதனால் துவர்ப்பும் குறைவு. சிவப்பு ஓக் கொட்டையைக் கீறி நாக்கில் வைத்தால் மாங்கொட்டைப் பருப்பைக் கடித்தது போல வாயை இழுத்துப் பிடிக்கும். அதற்காக அதை ஒதுக்கிவிடுவது பெரிய தவறு. கொழுப்பு அதில்தான் கூடுதல். தவிர, வெள்ளை ஓக் கொட்டை விழுந்த சில வாரங்களிலேயே முளைவிடும்; சிவப்பு ஓக் கொட்டை வசந்தம் வரை அப்படியே கிடக்கும். டிசம்பரில் மான் பனியையும் சருகையும் காலால் கிளறித் தேடுவது பெரும்பாலும் இதைத்தான்.

பலர் கவனிக்காத கணக்கு இன்னொன்று உண்டு. வெள்ளை ஓக் வசந்தத்தில் பூத்து அதே ஆண்டு காய்க்கும். சிவப்பு ஓக்கின் காய் முற்ற இரண்டு பருவம் ஆகும். ஏப்ரல், மே மாதத்தில் உறைபனி விழுந்து பூ கருகினால் அந்த ஆண்டு வெள்ளை ஓக் ஏமாற்றும். முந்தைய ஆண்டுப் பூவிலிருந்து வரும் சிவப்பு ஓக் காய்ப்பு தப்பித்துக்கொள்ளலாம். சிவப்பு ஓக்குக்கு அந்த உறைபனியின் அடி விழுவது அடுத்த ஆண்டுக் காய்ப்பில். போன வருஷம் மான் வந்த மரத்தடியிலேயே இந்த வருஷமும் பரண் கட்டுகிறவர்கள் இதை யோசிப்பதே இல்லை. ஆகஸ்ட் கடைசியில் பைனாகுலரால் மர உச்சியை ஒருமுறை பார்த்தாலே காய் இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

மரத்தையே மாற்றி நினைப்பதும் நடக்கிறது. இலை விளிம்பில் விரல் போல நீண்டு நிற்கும் மடல்களின் முனை உருண்டிருந்தால் வெள்ளை வகை, முள் போலக் கூரிய நுனி இருந்தால் சிவப்பு வகை. செஸ்ட்நட் ஓக்குக்கு மடலே இல்லை, விளிம்பில் அலை அலையான பல்தான். ஆனாலும் அது வெள்ளை வகை. சந்தேகம் வந்தால் கொட்டையை உடைத்து ஓட்டின் உட்புறம் பாருங்கள். சிவப்பு வகையில் பூனைமுடி இருக்கும்.

முதலில் உதிர்வதைப் பார்த்து ஏமாறாதீர்கள். காம்புப் பக்கத்துக் கிண்ணம் போன்ற தொப்பியோடு விழும் கொட்டையில் பெரும்பாலும் வண்டுப் புழு இருக்கும். தண்ணீரில் போட்டால் மிதக்கும்.

கொட்டை கிடப்பதாலேயே மான் வருகிறது என்றும் ஆகிவிடாது. ஈரம் காயாத புழுக்கை, நொறுங்கிய ஓட்டுத் துண்டு, கிளறிய சருகு, இவை மூன்றும் ஒரே மரத்தடியில் இருக்க வேண்டும். அணில் கொறித்த ஓட்டைப் பார்த்துப் பரண் ஏறியவர்கள் உண்டு (நானும்தான்). பக்கத்து மரத்துக் கொட்டைகளை மூட்டை கட்டி வந்து பரணடியில் கொட்டும் யோசனையை விட்டுவிடுங்கள். தீனி போட்டு வேட்டையாடுவது பல மாநிலங்களில் குற்றம்.