சூத்திரம் சந்தேகமா? பரிமாணத்தை எழுதிப் பாருங்கள்

100 சதுர மீட்டர் வீடு, சதுர அடியில் எவ்வளவு? ஒரு மீட்டருக்கு 3.28 அடி என்பதால் 328 என்று எழுதிவிடுபவர்கள் நிறையப் பேர். சரியான விடை சுமார் 1,076. பரப்பில் நீளம் இரண்டு முறை பெருக்கப்படுகிறது, ஆகவே 3.28-ஐயும் இரண்டு முறை பெருக்கினால்தான் (10.76) கணக்கு சரிவரும். கன மீட்டரென்றால் மூன்று முறை, சுமார் 35.3.

நீளம், நிறை, காலம் ஆகியவை ஓர் அளவில் எந்த அடுக்கில் வருகின்றன என்பதே அதன் பரிமாணம். இயக்கவியலுக்கு இந்த மூன்றும் போதும். மீட்டரா அடியா என்பது அலகு. அலகை மாற்றலாம், பரிமாணம் மாறாது.

இதை வைத்து ஒரு சூத்திரத்தைச் சோதிப்போம். தனி ஊசல் என்பது நூலில் தொங்கி ஆடும் குண்டு. அது ஒருமுறை போய்வர எடுக்கும் அலைவு நேரத்தின் சூத்திரத்தில் வர்க்கமூலத்துக்குள் இருப்பது நீளம்/புவியீர்ப்பு முடுக்கமா, புவியீர்ப்பு முடுக்கம்/நீளமா? தேர்வறையில் பலருக்கும் தடுமாறும் இடம் இது.

படி 1: ஒவ்வொரு அளவின் பரிமாணத்தையும் எழுதுங்கள். ஊசலின் நீளம் = நீளம். புவியீர்ப்பு முடுக்கம் = நீளம்/காலம்². வர வேண்டிய விடை = காலம்.

படி 2: வகுத்துப் பாருங்கள். நீளம் ÷ (நீளம்/காலம்²). நீளங்கள் அடிபட்டுப் போகும், மிஞ்சுவது காலம்². வர்க்கமூலம் எடுத்தால் காலம். தலைகீழாகப் போட்டிருந்தால் 1/காலம் வந்திருக்கும். அது அலைவு நேரமே அல்ல.

படி 3: குண்டின் நிறையையும் உள்ளே சேர்க்கத் தோன்றுகிறதா? அதை அடித்துவிட வேறெந்த அளவிலும் நிறை இல்லை. ஆகவே அதற்கு அங்கே இடமில்லை.

கூட்டல், கழித்தல் வரும் சூத்திரத்தில் ஒவ்வொரு உறுப்பையும் தனித்தனியே பாருங்கள். எல்லாம் ஒரே பரிமாணமாக இருக்க வேண்டும். வேகத்தோடு தூரத்தைக் கூட்ட முடியாது.

ஆனால் இந்தச் சோதனையில் தேறியதெல்லாம் சரியென்று நம்பிவிடாதீர்கள். திருப்புவிசைக்கும் (ஒரு பொருளைச் சுழற்றும் விளைவு) ஆற்றலுக்கும் பரிமாணம் ஒன்றே, பொருள் வேறு. அலகுப் பிழையும் இதில் சிக்காது. 1999-இல் நாசாவின் செவ்வாய் விண்கலமான மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் தொலைந்தது அப்படித்தான்: ஒரு மென்பொருள் பவுண்டு விசை அலகில் தந்த எண்ணை மற்றொன்று நியூட்டன் அலகாக எடுத்துக்கொண்டது. பரிமாணம் பொருந்தியது, மதிப்பு 4.45 மடங்கு பிசகியது.

ஊசல் சூத்திரத்தில் வர்க்கமூலத்துக்கு முன்னால் வரும் 2 பை போன்ற வெறும் எண்களும் இம்முறையில் கிடைக்காது. அதற்குச் சோதனைதான் வழி. தொங்கும் புள்ளியிலிருந்து குண்டின் மையம் வரை சரியாக 1 மீட்டர் இருக்குமாறு நூலைக் கட்டுங்கள். முடிச்சு வரை மட்டும் அளந்தால் நீளம் குறைந்துவிடும். லேசாக ஆட்டிவிட்டு 20 முழு அலைவுகளுக்கு நேரம் பாருங்கள், 40 வினாடியை ஒட்டி வரும். ஓர் அலைவுக்கு 2 வினாடி. அதை 1/9.8-இன் வர்க்கமூலமான 0.319-ஆல் வகுத்தால் 6.27, 2 பை என்பது 6.28.