அருங்காட்சியகச் செயலி வடிவமைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: பத்மநாபபுரம் அரண்மனையை முன்வைத்து

தக்கலை அருகிலுள்ள பத்மநாபபுரம் அரண்மனைக்கோ, கன்னியாகுமரி அரசு அருங்காட்சியகத்துக்கோ கைபேசிச் செயலி உருவாக்க விரும்பும் மாணவர்களும் சிறு மென்பொருள் குழுக்களும் முதலில் விட வேண்டியது, இடத்தைச் சுற்றிப் பார்க்காமல் மேசையில் அமர்ந்தே திரைகளை வரையும் பழக்கத்தை.

அரண்மனையின் முகப்பு மண்டபமான பூமுகத்தை எடுத்துக்கொள்வோம். அண்ணாந்து பார்த்தால்தான் மரக்கூரையில் செதுக்கிய 90 மலர் வடிவங்களும் தொங்கும் குதிரை விளக்கும் கண்ணில் படும். அந்த நேரத்தில் செயலி மூன்று பத்தி வரலாற்றைத் திரையில் காட்டினால், பார்வையாளர் குனிந்து படித்துவிட்டுக் கூரையைப் பாராமலே அடுத்த அறைக்குப் போய்விடுவார். அங்கே வேண்டியது, எதைப் பார்க்க வேண்டும் என்று காதில் சொல்லும் 40 விநாடி ஒலிக்குறிப்பு மட்டுமே. அங்கிருந்து மன்னரின் ஆலோசனைக் கூடமான மந்திரசாலைக்கு ஏறும் மரப்படிகள் குறுகலும் செங்குத்துமானவை. படியேறும்போது யாரும் கைபேசியைப் பார்க்காதவாறு, முந்தைய ஒலிக்குறிப்பு படிக்கு முன்பே முடிய வேண்டும். அடுத்தது மேலே சென்று நின்ற பிறகே தொடங்க வேண்டும். மந்திரசாலையின் மங்கிய ஒளியில் வெண்ணிறத் திரை கண்ணைக் கூசச் செய்யும் என்பதால், கருநிறப் பின்னணியே அங்கு இயல்புநிலையாக இருக்கட்டும்.

பார்வையாளர் எந்த அறையில் நிற்கிறார் என்பதை ஜிபிஎஸ் மூலம் கண்டறிந்துவிடலாம் என்று நம்புவது அடுத்த தவறு. கூரைக்குக் கீழே செயற்கைக்கோள் சமிக்ஞை வலுவிழந்து பல மீட்டர் பிழை காட்டும். மேல்தளமா கீழ்த்தளமா என்பதையும் அதனால் உறுதியாகச் சொல்ல இயலாது. அதற்குப் பதிலாக அறைதோறும் வைத்து இருப்பிடம் அறிய உதவும் புளூடூத் கருவிகளுக்கோ அவ்வப்போது மின்கலம் மாற்ற வேண்டும், பழமையான மரத்தில் அவற்றைப் பொருத்துவதும் முறையன்று. ஒவ்வொரு கூடத்தின் வாசலிலும் ஓர் எண் பலகையை நிறுத்தி, அந்த எண்ணைச் செயலியில் அழுத்தச் செய்வதே என் கருத்தில் நம்பகமான வழி.

நவம்பர் முதல் ஜனவரி வரை ஐயப்ப பக்தர்களின் வரவால் மாவட்டத்தின் சுற்றுலாத் தலங்களில் கூட்டம் பெருகும்போது இணைய வேகம் குறைவது இயல்பு. ஆகவே, எல்லாவற்றையும் இணையத்திலிருந்தே அப்போதைக்கப்போது எடுக்கும்படி அமைக்கக் கூடாது. ஒலியைச் சுருக்கிச் சேமிக்கும் ஓப்பஸ் வடிவில் விநாடிக்கு 32 கிலோபிட் அளவில் பதிந்த பேச்சு, நிமிடத்துக்கு ஏறத்தாழ 240 கிலோபைட்தான். 20 கூடங்களுக்குத் தலா ஒரு நிமிடம் என்றாலும் 5 எம்பிக்குள் அடங்கிவிடும். நுழைவுச்சீட்டு வாங்கும் இடத்திலேயே இதை இறக்கிக்கொள்ளலாம். நுழைந்தவுடன் தொலைபேசி எண், இருப்பிடம், தொடர்புப் பட்டியல் என்று அனுமதி கேட்கத் தேவையே இல்லை. தேவையில்லாமல் திரட்டும் விவரங்களுக்கு 2023ஆம் ஆண்டின் தனிநபர் எண்மத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பொறுப்பும் ஏற்க நேரிடும்.

உள்ளடக்கத்தில் நேரும் பெரும் பிழை, செவிவழிச் செய்தியையும் ஆவணச் செய்தியையும் கலப்பது. திருவிதாங்கூரின் தலைநகர் 1795இல் இங்கிருந்து திருவனந்தபுரத்துக்கு மாறியது என்பது வரலாறு. கருந்தரையின் பளபளப்புக்கு முட்டை வெண்கருவும் சிரட்டைக்கரியும் காரணம் என்பதைச் ‘சொல்லப்படுகிறது’ என்ற குறிப்போடுதான் தர வேண்டும். தமிழ்நாட்டு எல்லைக்குள் இருந்தும் கேரளத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் உள்ள இந்த அரண்மனைக்குத் தமிழ், மலையாளம் இரண்டிலும் தனித்தனியே எழுதுவது அவசியம். ஆங்கிலத்தில் எழுதிவிட்டு இயந்திரத்திடம் கொடுத்துவிடுவது இரு மொழியினருக்கும் அநீதி. கூடங்களில் நின்று விளக்கம் சொல்லும் ஊழியர்களிடம், மக்கள் என்னென்ன கேட்கிறார்கள் என்று விசாரித்துவிட்டு எழுதினால் உரை தானே செறிவு பெறும். அவர்கள் பேசிக்கொண்டிருக்கையில் ஒலிபெருக்கியில் செயலி அலறாதபடி, காதில் அணியும் கேட்பியில் மட்டும் ஒலிக்கச் செய்வது நல்லது.

படியேற முடியாத முதியோருக்கு மேல்தளத்தின் படங்களையும் விளக்கத்தையும் கீழே அமர்ந்தவாறே காணும் வழி தேவை. எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 ஒளிர்வு வேறுபாடு இருக்க வேண்டும். பொத்தான்களுக்கு, பார்வையற்றோருக்காகத் திரையை வாசித்துக் காட்டும் ஆண்ட்ராய்டு வசதியான டாக்பேக் வாசிக்கத்தக்க பெயர்களும் வேண்டும்.

செயலி வெளியான பிறகு அதைக் கவனிப்பார் இல்லாமல் போவதுதான் மிகவும் வருந்தத்தக்கது. திங்கட்கிழமை விடுமுறை, கட்டண மாற்றம், பழுதுபார்ப்புக்காக மூடிய கூடம் ஆகியவற்றை அலுவலக ஊழியரே திருத்தும் வசதி இல்லாவிட்டால், தவறான தகவலை நம்பி நாகர்கோவிலிலிருந்து பேருந்தேறி வந்த குடும்பம் பூட்டிய வாசலிலிருந்து திரும்பும். மாணவர் குழு படிப்பு முடிந்து கலைந்துவிடும் என்பதால், ஆண்ட்ராய்டின் ஒவ்வொரு புதிய பதிப்புக்கும் திருத்தம் தேவைப்படும் செயலியைவிட, உலாவியிலேயே இயங்கி இணையமின்றியும் திறக்கும் வலைச்செயலியைத் தேர்வது பொருத்தம். அதன் கடவுச்சொல்லும் மூல நிரலும் பணி முடியும் நாளிலேயே நிர்வாகத்தின் கையில் இருக்க வேண்டும்.