விடுபட்ட மிகச்சிறிய நேர்ம எண்: கூடுதல் நினைவகமின்றிக் கண்டுபிடிப்பது

ஒரு அரேயில் (வரிசையாக அடுக்கிய எண்களின் பட்டியலில்) இல்லாத மிகச்சிறிய நேர்ம முழு எண் வேண்டும். ஓர் எண் இருக்கிறதா என்று உடனே சொல்லும் தொகுப்பான ஹாஷ் செட் வைத்தால் எளிது, ஆனால் நினைவகம் அரேயின் நீளத்துக்கு ஏற்ப வளரும். அரேயையே குறிப்பேடாக்கிவிடலாம்: இன்டெக்ஸ் (இட எண்) 0-இலிருந்து தொடங்குவதால், எண் 1 இன்டெக்ஸ் 0-இல், 2 இன்டெக்ஸ் 1-இல் என உட்கார வேண்டும்.

இடமிருந்து செல்லுங்கள். கையிலுள்ள எண் 1 முதல் நீளம் வரைக்குள் இருந்து, அதற்குரிய இடத்தில் அதே எண் இல்லையென்றால், இரண்டையும் இடமாற்றுங்கள். உடனே நகராதீர்கள், புதிதாக வந்த எண்ணையும் அதே இடத்தில் சோதியுங்கள். 3, 4, -1, 1 என்பது மூன்றே மாற்றங்களில் 1, -1, 3, 4 ஆகும். பிறகு மீண்டும் இடமிருந்து பார்த்தால், முதலில் பொருந்தாத இடமே விடையைச் சொல்லும்: இன்டெக்ஸ் 1-இல் 2 இல்லை, விடை 2. எல்லாம் சரியாக இருந்தால் விடை நீளம் + 1.

லூப்புக்குள் லூப் (திரும்பத் திரும்ப இயங்கும் பகுதிக்குள் இன்னொன்று) என்பதால் நேரம் பெருகுமோ என்று பயம் வேண்டாம். ஒவ்வொரு மாற்றமும் ஓர் எண்ணை நிரந்தரமாக அமர்த்துவதால், மொத்த மாற்றங்கள் நீளத்தைத் தாண்டாது.

பலர் சறுக்குவது நிபந்தனையில்தான். ‘இந்த இடத்தில் சரியான எண் இல்லை’ என்று மட்டும் சோதித்தால் 1, 1 போன்ற அரேயில் லூப் முடியவே முடியாது. சேருமிடத்தை, அதாவது அந்த எண் போக வேண்டிய இடத்தைச் சோதியுங்கள். பைத்தான் நிரல்மொழியில் ஒரே வரியில் இடமாற்றினால் இடப்பக்க மதிப்பேற்றம் வரிசையாக நடக்கும்; கையிலுள்ள எண் முதலில் மாறிவிட்டால், அதை வைத்துக் கணக்கிடும் சேருமிடமும் தவறிவிடும். அதனால் சேருமிட இன்டெக்ஸை முன்பே தனி மாறியில் எடுத்துக்கொள்ளுங்கள்.