லாரி இழுக்கவில்லையா? டர்போவைக் கழற்றும் முன் கவனிக்க வேண்டியவை

வட சென்னையில் மாதவரம், மணலி, திருவொற்றியூர் வழியாகத் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் ஏற்றிச் செல்லும் பழைய லாரிகளில் ‘வண்டி இழுக்கவில்லை’ என்ற புகார் வந்தாலே, பழி முதலில் டர்போவின் தலையில்தான் விழுகிறது. கடன் வாங்கிப் புது டர்போ மாட்டிய பிறகும் மூலக்கடை மேம்பாலத்தில் வண்டி பழையபடியே திணறினால், சொந்த வண்டி வைத்துப் பிழைப்பவர் என்ன செய்வார்? இந்த வீண்செலவில் பெரும்பகுதியைத் தவிர்க்க முடியும். கணினி இல்லாத, இன்லைன் பம்ப் (சிலிண்டர்களுக்கு டீசல் அனுப்பும் பழைய வகைப் பம்ப்) பொருத்திய பழைய இன்ஜின்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

இன்ஜினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தித் தள்ளுவதுதான் டர்போவின் வேலை. இன்ஜினிலிருந்து வெளியேறும் சூடான புகைதான் அதைச் சுழற்றுகிறது. உள்ளே போகும் டீசல் குறைந்தால் அந்தப் புகையின் சூடும் வேகமும் குறையும், டர்போ மந்தமாகும், பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) இறங்கும். ஆகவே பூஸ்ட் மீட்டரில் முள் ஏறவில்லை என்பதற்காக டர்போ பழுது என்று முடிவு கட்டக் கூடாது. டீசல் ஃபில்டர் அடைத்திருந்தாலும், டேங்கிலிருந்து வரும் குழாயில் காற்று புகுந்தாலும் அதே முள் அதே இடத்தில்தான் நிற்கும்.

பட்டறையில் வண்டியை நிறுத்தி வைத்து ஆக்சிலரேட்டரை மிதித்துப் பூஸ்ட் பார்ப்பது இன்னொரு தவறு. சுமை இல்லாத இன்ஜின் குறைந்த டீசலே எரிக்கும். நல்ல டர்போவும் அப்போது சொற்ப பூஸ்ட்தான் தரும். லோடுடன் ஜி.என்.டி. சாலையில் புழல் பக்கம் ஓட்டி, மேல் கியரில் முழு ஆக்சிலரேட்டர் கொடுத்து மீட்டரைப் பாருங்கள். எவ்வளவு வர வேண்டும் என்பது இன்ஜினுக்கு இன்ஜின் மாறும். அந்த இன்ஜினின் சர்வீஸ் புத்தகத்தில் உள்ள அளவே கணக்கு.

அதே ஓட்டத்தில் புகையையும் கவனியுங்கள். கரும்புகை கக்கினால் பெரும்பாலும் காற்று போதவில்லை: ஏர் ஃபில்டர் அடைப்பு, ஹோஸ் கசிவு அல்லது டர்போ. டீசலைத் தெளிக்கும் நாசில் கெட்டாலும் கரும்புகை வரும். புகையே இல்லாமல் வண்டி சோர்ந்தால் டீசல் பக்கம் போங்கள். அங்கே பலர் பார்க்கத் தவறும் இடம் ஒன்று உண்டு. டீசல் பம்பின் கவர்னர் (டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் பகுதி) மேல் குமிழ் போன்ற ஒரு மூடி, அதற்குள் டயாபிரம் எனும் ரப்பர் சவ்வு. காற்று இன்ஜினுக்குள் நுழையும் இன்டேக் மேனிபோல்டிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று அதற்கு வரும். பூஸ்ட் ஏறும்போது அந்த அழுத்தம் டயாபிரத்தைத் தள்ளினால்தான் பம்ப் முழு டீசல் கொடுக்கும். குழாய் விரிசல் விட்டாலோ டயாபிரம் கிழிந்தாலோ டர்போ நன்றாக இருந்தும் பயனில்லை. சிறிய ரப்பர் துண்டுக்காக டர்போவையே மாற்றிய கதைகள் இப்படித்தான் உருவாகின்றன.

டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸைக் கண்ணால் மட்டும் பார்த்து ‘நல்லா இருக்கிறது’ என்று விட்டுவிடாதீர்கள். வெட்டு பெரும்பாலும் வளைவின் அடிப்பக்கத்தில், சேசிஸிலோ பிராக்கெட்டிலோ உரசும் இடத்தில் இருக்கும். இன்ஜின் நின்றிருக்கும்போது உதடு மூடியதுபோல் ஒட்டிக்கொண்டு அழுத்தம் வந்தால்தான் திறக்கும். கையால் பிசைந்து பாருங்கள். எண்ணெயும் தூசியும் சேர்ந்து கறுப்பாகப் படிந்திருந்தால் அங்கே காற்று போகிறது என்று பொருள். சந்தேகம் தீராவிட்டால் குழாய் வழியை அடைத்துக் குறைந்த காற்றழுத்தம் கொடுத்துச் சோப்புத் தண்ணீர் தடவலாம். கம்ப்ரசரின் முழு அழுத்தத்தைத் திறந்துவிட்டால் அடைத்த மூடி தெறித்து ஆளைக் காயப்படுத்தும்.

எல்லாவற்றையும்விட எனக்குக் கோபம் வருவது ‘பம்பைக் கொஞ்சம் ஏற்றிவிடு’ என்ற யோசனைதான். காற்று குறைவாக இருக்கும்போது டீசலைக் கூட்டினால் அன்றைக்கு வண்டி சற்று இழுப்பதுபோல் தெரியும். ஆனால் புகை கறுக்கும், எக்ஸாஸ்ட் சூடு ஏறும், பிஸ்டனும் டர்போவும் சேர்ந்து அடிவாங்கும். டீசல் அளவை மாற்ற முடியாதபடி பம்பில் வைத்திருக்கும் சீலை உடைக்கவே கூடாது. சோதிக்க வேண்டுமென்றால் டெஸ்ட் பெஞ்ச் (பம்பைச் சோதிக்கும் இயந்திரம்) உள்ள பம்ப் பட்டறைக்குக் கொடுங்கள்.

புகை வழியை அடைத்து வண்டியின் வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கின் தகடு முழுவதும் திறக்கிறதா என்றும் பாருங்கள். எண்ணூர்க் கடற்காற்றில் அதன் தண்டு துருப்பிடித்துப் பாதியில் நின்றால் புகை வெளியேற வழியின்றி இன்ஜின் மூச்சடைக்கும். கிளட்ச் வழுக்கலையும் பிரேக் பிடித்தபடி இருப்பதையும் சில நிமிடங்களில் ஒதுக்கிவிடலாம்.

டர்போவின் தண்டு பக்கவாட்டில் லேசாக ஆடுவது இயல்பு. எண்ணெய்ப் படலத்துக்கான இடைவெளி அது. முன்னும் பின்னும் தெளிவாக அசைந்தாலோ, சக்கரம் கூட்டில் உரசினாலோதான் பழுது. அப்போதும் புதியதை மாட்டும் முன், பழையது ஏன் போனது என்று எண்ணெய் வரும் குழாயையும் திரும்பும் குழாயையும் கழற்றிப் பாருங்கள். மாட்டியதும் எண்ணெய்த் துளையில் சுத்தமான எண்ணெய் ஊற்றிய பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள். முதல் சில நிமிடங்கள் ஆக்சிலரேட்டரைத் தொட வேண்டாம்.